மேனேஜர் சௌக்கியமாக இருக்கிறார்

தோட்டத்துக் குளத்தில் மீன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மேலே படர்ந்திருந்த பச்சை அவ்வளவு கெட்டி. கண்ணாடிக்காரர் ஒட்டடைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்து நடுக்குளத்தில் ஒரு குத்து குத்தினார். கையை எடுத்தார். கம்பு அப்படியே நின்றது.

"என்னங்க, தெரியுதா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"கம்பு நிக்குது."

"கம்பையா கேட்டேன்? மேனேஜர் தெரியுறாரான்னு கேட்டேன்."

"பச்சையா ஏதோ தெரியுது."

"மேனேஜர் ஆரஞ்சு கலருங்க!"

மேனேஜர் என்பது ஒரு மீன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஒரு கண்ணுக்கு மேல் மட்டும் வெள்ளைத் திட்டு. வேலை என்று எதுவும் செய்யாமல், ஒரு மூலை விடாமல் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு மூலையிலும் வாயைத் திறந்து மூடிவிட்டு அடுத்த மூலைக்குப் போகும். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் மாமனார் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

மாமனார் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே காலம் தள்ளியவர். ஓர் ஆள் நடந்து வருகிற தினுசை வைத்தே எந்தக் காலுறைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் மாப்பிள்ளையைப் பற்றிக் கல்யாணத்தன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஆள் தங்கம், ஆனால் கையில் எதையும் கொடுக்கக் கூடாது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாமனார் போட்ட மோதிரத்தைக் கண்ணாடிக்காரர் அன்று மாலையே கை கழுவும் தொட்டியில் நழுவவிட்டார். பிறகு இரவல் வாங்கிய குடையை பஸ்ஸிலேயே விட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் செடி அழுகியது. ஊற்ற வேண்டாம் என்றால் காய்ந்தது. இத்தனைக்கும் கடைவீதியில் அவர் வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நல்ல பெயர். அடுத்தவர் கண்ணில் உள்ள கோளாறு அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். வீட்டுக்குள் கால் வைத்தால்தான் எதுவும் தெரியாது.

மழைக்காலம் முடியும்வரை மூத்த மகன் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று மாமனார் கிளம்பியபோது மகள் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, ஒரே ஒரு தடவையாவது அவரை நம்பி ஒரு பொறுப்பைக் குடுத்துட்டுப் போங்கப்பா. மனுஷன் ஏங்கிப் போயிருக்காரு" என்றாள்.

மாமனார் நெடுநேரம் யோசித்தார். பிறகு தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"மாப்பிள்ளை, மேனேஜரை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

இரண்டு பெட்டி, ஒரு குடை, மூடி போட்ட நீல வாளி, ஒரு பழக்கூடை என்று எல்லாவற்றையும் கண்ணாடிக்காரரே ஓடி ஓடி டாக்ஸியில் ஏற்றினார். டாக்ஸி தெரு திரும்பும்வரை கையை ஆட்டினார்.

முதல் வாரம் ஜன்னல் வழியாக வேளை தவறாமல் மீன் தீனி போட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஏழு நாள் தீனியை ஒரே நாளில் போட்டார். மழை பெய்தது, இலை உதிர்ந்தது, கடையில் வேலை அதிகம். தண்ணீர் மங்கியது, பிறகு பச்சையானது, பிறகு தண்ணீர் என்று சொல்ல முடியாதபடி ஆனது. மேனேஜர் உள்ளே எங்கேயோ நன்றாகத்தான் இருப்பார் என்று கண்ணாடிக்காரர் நம்பிக்கொண்டார்.

சிக்கல் வந்தது போனில்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனார் கூப்பிடுவார்.

"மேனேஜர் எப்படி இருக்காரு மாப்பிள்ளை?"

"சௌக்கியமா இருக்காரு மாமா. கொஞ்சம் சதை போட்டிருக்காரு."

மறுமுனையில் மாமனார் சிரித்தார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, கடைசியில் இருமலே வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கண்ணாடிக்காரர் சொன்ன எதற்கும் அவர் சிரித்ததில்லை. "வாங்க", "சாப்பிட்டாச்சா", "சரி" என்ற மூன்று சொற்களில்தான் இருவரும் குடும்பம் நடத்தி வந்தார்கள்.

ருசி கண்டுவிட்டார் கண்ணாடிக்காரர். அடுத்த வாரம், தண்ணீர் பளிங்கு மாதிரி இருப்பதாகச் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் தாமரை பூத்தது. அப்புறம் மேனேஜர் தன் குரல் கேட்டால் எட்டிப் பார்ப்பதாக ஒரு போடு போட்டார். துணைக்கு நாலு குட்டி மீன் வாங்கி விட்டிருப்பதாகவும், மேனேஜர் அவற்றை வரிசையாக நிற்கவைத்து வேலை வாங்குவதாகவும் அளந்துவிட்டார்.

"நிஜமாவா! இருங்க, இருங்க, இதை உங்க மச்சானும் கேக்கட்டும்" என்று மாமனார் போனின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டார். அரை மணி, முக்கால் மணி என்று பேச்சு நீண்டது. ஞாயிறு வந்தால் கண்ணாடிக்காரர் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காரும் அளவுக்குப் போய்விட்டது.

போன ஞாயிறு மாமனார் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அங்க இருப்பேன். மேனேஜரை நேர்ல பாக்காம எனக்கு இருப்புக்கொள்ளல மாப்பிள்ளை."

அதனால்தான் இப்போது நடுக்குளத்தில் ஒட்டடைக் கம்பு நின்றது.

"தண்ணி சம்பந்தப்பட்ட விஷயம்னா என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா சார்?" என்று மதில்மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு நீச்சல் மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் விசிலிலிருந்து ஓய்வு பெறவில்லை, இன்னும் கழுத்தில்தான் தொங்கியது. "மோட்டார் வச்சு மொத்தத் தண்ணியையும் இழுத்துடுங்க. நான் எத்தனை குளம் பாத்திருக்கேன்!"

"உங்க குளத்துல மீன் இருந்துச்சா மாஸ்டர்?"

"மனுஷங்களே இருந்தாங்களே!"

மோட்டார் வந்தது. குழாயின் ஒரு நுனி குளத்தில், இன்னொரு நுனி சாக்கடையில். மாஸ்டர் விசில் அடித்தார், கண்ணாடிக்காரர் சுவிட்சைத் தட்டினார். சாக்கடையில் இருந்த நுனி ஒரு துள்ளு துள்ளி வெளியே வந்து, தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிமேல் நிதானமாகப் பொழிந்தது.

மனைவி நர்ஸ். கொடியில் இருந்தவை அவளுடைய வெள்ளைக் கோட்டுகள். மறுநாள் பச்சைக் கோட்டோடு வேலைக்குப் போனவளை, யாரோ புதிய டாக்டர் பார்த்து, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் என்று நினைத்து உள்ளே தள்ளிவிட்டார். சாயந்திரம்தான் வெளியே விட்டார்கள்.

"ரெண்டு குடலிறக்கம், ஒரு கால் எலும்பு. எல்லாம் உங்களாலதான்" என்று சொல்லிவிட்டு மனைவி சோபாவில் சாய்ந்தாள்.

கண்ணாடிக்காரர் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டார். வற்றிப்போன குளத்தின் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவர் அவர். அடியில் ஒரு பந்து, இரண்டு கரண்டி, எல்லாம் இடது காலுக்கான மூன்று செருப்பு, அவரே தேடிக்கொண்டிருந்த ஒரு மூக்குக் கண்ணாடி எல்லாம் கிடைத்தன. கீழே ஒரு முழம் உயரத்துக்கு ஊறிப்போன மீன் தீனி கிடந்தது. மேனேஜர் இல்லை. ஒரு செதில்கூட இல்லை.

"கொக்கு தூக்கியிருக்கும்" என்றாள் மனைவி, கொஞ்சம் இறங்கிய குரலில். "இல்ல பூனையா இருக்கும். அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. மீன்தானே, போனாப் போகுது."

"மீன் போனதுக்காக இல்லம்மா. அது செத்து எத்தனை நாளாச்சுன்னுகூடத் தெரியாம, வாராவாரம் சௌக்கியம் சௌக்கியம்னு சொல்லியிருக்கேனே." குளத்தில் கிடைத்த மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "மனுஷன் இப்பத்தான் என்கூடச் சிரிச்சுப் பேச ஆரம்பிச்சிருக்காரு. இது தெரிஞ்சா மறுபடியும் 'வாங்க, சாப்பிட்டாச்சா, சரி'தான். அதை நினைச்சாத்தான் தாங்கல."

மனைவிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. பச்சைக் கோட்டைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, "சரி, எழுந்திரிங்க. இன்னொரு மேனேஜரைத் தேடுவோம்" என்றாள்.

தேடுவதற்கு முன்பே ஒரு தகராறு வந்தது. வெள்ளைத் திட்டு எந்தக் கண்ணுக்கு மேல்?

"இடது" என்றார் கண்ணாடிக்காரர்.

"வலது" என்றாள் மனைவி. "நான் தினமும் ஜன்னல் வழியா பாத்திருக்கேன். நூத்துக்கு நூறு வலது. கண்ணு விஷயம்தான் உங்க தொழிலே, இதுகூடத் தெரியலையா?"

தொழிலை இழுத்ததும் கண்ணாடிக்காரர் அடங்கிவிட்டார். வலது என்றே முடிவானது.

வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் வலது கண்ணில் திட்டு வைத்த பெரிய மீனும் இல்லை, இடது கண்ணில் வைத்ததும் இல்லை. "இவ்வளவு பெரிசு யாரும் விக்க மாட்டாங்க சார். வீட்டுப் பிள்ளை மாதிரி ஆயிடும்ல" என்றார். சொன்ன பொய்யில் பாதியையாவது உண்மையாக்கலாம் என்று நாலு குட்டி மீன்களை வாங்கிக்கொண்டார் கண்ணாடிக்காரர். கடைக்காரர் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டே, "குளம் எப்படி, ரெடியா?" என்று கேட்டார்.

"தேய்ச்சுக் கழுவினேன். ஒரு விரிசல் தெரிஞ்சுது. நானே சிமென்ட் பூசிட்டேன்."

கடைக்காரர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "புது சிமென்ட்ல விட்டா குட்டிங்க தாங்காது சார். தண்ணியை நிரப்பி நிரப்பி மாத்துங்க. வார முடிவுலதான் விடணும்."

"அதுவரைக்கும்?"

"வீட்ல பெரிய தொட்டி ஏதும் இல்லையா?"

இருந்தது. குளியல் தொட்டி. அன்று சாயந்திரத்திலிருந்து நாலு உதவியாளர்களும் அதில் உல்லாசமாகத் திரிய, கணவனும் மனைவியும் துண்டும் சோப்புமாக நீச்சல் மாஸ்டர் வீட்டுக்குக் குளிக்கப் போனார்கள். மாஸ்டர் குளியலறை வாசலில் நின்று உள்ளே போக ஒரு விசில், வெளியே வர இரண்டு விசில் என்று அடித்தார். கண்ணாடிக்காரர் ஒருநாள் முதுகில் சோப்போடு வெளியே வந்தார்.

தாமரை விஷயம் சுலபமாக முடிந்தது. வரவேற்பறைப் பூச்சாடியிலிருந்த பிளாஸ்டிக் தாமரையை எடுத்து, ஒரு கல்லைக் கட்டி, குளத்தில் இறக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே இருந்தது. ரொம்பத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கடைசித் தடவையாகத் தண்ணீரை மாற்றும்போது கண்ணாடிக்காரர் கரையில் வைத்திருந்த சோப்பின் மேலேயே கால் வைத்தார். மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போவதற்காக அவரே வைத்த சோப்பு அது. குளத்துக்குள் அவர் விழுந்த சத்தம் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் விசில் ஒலித்தது. எழுந்து பார்த்தபோது முன்பல்லில் பாதியைக் காணவில்லை.

"காலையில முதல் வேலையா டாக்டர்கிட்டப் போங்க" என்றாள் மனைவி. "அப்பாவுக்குப் பல்செட் கட்டினாரே, கடைவீதிக் கோடியில, அவருகிட்டயே போங்க. கை ராசியான டாக்டர்."

சனிக்கிழமை காலை பல் டாக்டர் ஊசி போட்டு, பல்லை ராவி, மரப்பு போகும்வரை வெளியே உட்காரச் சொன்னார். கண்ணாடிக்காரரின் உதடு அவருக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்கியது. காத்திருக்கும் அறையில் ஒரு நாற்காலியில் சரிந்தவர், எதிரே பார்த்தார். சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் மூலை மூலையாகப் போய் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேலே வெள்ளைத் திட்டு!

இடது கண்ணுக்கு மேலே.

'ஒரு பக்கம் மாறிப்போச்சே' என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் இவ்வளவு ஒத்துவந்த பிறகு பக்கத்தைப் பார்த்தால் ஆகுமா? மாமனாருக்கு வயதாகிவிட்டது, அவருக்குக் கிட்டப்பார்வையில் கொஞ்சம் கோளாறு உண்டு, கண்ணாடி போட்டுக்கொடுத்ததே இவர்தான். எழுந்து வரவேற்பு மேஜைக்கு ஓடினார்.

"ஃபீன்... ஃபீன்..." என்றார்.

மேஜையிலிருந்த பெண் எழுந்துவிட்டாள். "என்ன சார், வலிக்குதா?"

அவர் தொட்டியைக் காட்டினார். கைகூப்பினார். அவள் குழம்பிப்போய் டாக்டரைக் கூப்பிட்டாள். தொங்கும் உதட்டோடு, பாதி பேச்சும் பாதி சைகையுமாகக் கண்ணாடிக்காரர் தன் கதையைச் சொல்லி முடித்தபோது அவருடைய சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. ஒரு பெரியவர். ஊரிலிருந்து வருகிறார். அவர் உயிராக வளர்த்த மீன் இதுபோலவே இருக்கும். அது செத்துப்போனது தெரிந்தால் அவர் மனசு உடைந்துவிடும். ஒரே ஒரு நாள் இரவல்.

"அது குடுக்கிறதுக்கு இல்லையே சார்" என்று தயங்கினாள் அந்தப் பெண். "திங்கக்கிழமை காலையில ஒரு குழந்தைக்குப் பல்லு எடுக்கணும். இவரைக் காட்டினாத்தான் அது வாயே திறக்கும்."

கண்ணாடிக்காரர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

டாக்டர் நெகிழ்ந்துவிட்டார். "இந்த ரூம்ல பல் வலி இல்லாம அழுத முதல் ஆள் நீங்கதான் சார். எடுத்துட்டுப் போங்க. நாளைக்குச் சாயந்திரம் இவங்களே வந்து வாங்கிக்குவாங்க. வீட்டு வழியைச் சொல்லிட்டுப் போங்க."

பெரிய பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் மீனுமாக, டாக்ஸியில் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்தார் கண்ணாடிக்காரர். குளத்தில் விட்டதும் மீன் ஒரு சுற்று வந்தது. மனைவி ஏற்கெனவே குளத்துக்கு மாற்றியிருந்த நாலு உதவியாளர்களும் பின்னாலேயே போயின. சொன்னால் நம்பமாட்டீர்கள், வரிசையாகப் போயின.

"பொய் சொன்னாலும் பொருத்தமாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள் மனைவி. பிறகு குனிந்து பார்த்து, "ஐயையோ, இடது!" என்றாள்.

"அப்பாவை அந்தப் பக்கமா உக்காரவைக்காம பாத்துக்க."

"மீன் திரும்பினா?"

"திரும்பாம நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு காலை டாக்ஸியிலிருந்து மாமனார் இறங்கும்போதே சிரித்துக்கொண்டே இறங்கினார். மீசைக்குள் ஏதோ குறும்பு ஒளிந்திருந்தது. பெட்டியைக்கூட வாசலில் வைக்கவில்லை.

"எங்க மாப்பிள்ளை நம்ம மேனேஜர்? சதை போட்டவரு? நாலு பேரை வச்சு வேலை வாங்குறவரு? முதல்ல அவரைப் பாக்கணும், அப்புறந்தான் காப்பி, டீ எல்லாம்."

"வாங்க மாமா, இந்தப் பக்கமா வாங்க. அந்தப் பக்கம் வழுக்கும்."

மாமனார் தோட்டத்துக்குள் நுழைந்தார். பளிங்குபோல் தண்ணீர். நடுவில் தாமரை. மேனேஜர் கிழக்கு மூலையைப் பார்வையிட்டுவிட்டு, நாலு பேர் பின்தொடர, மேற்கு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மாமனாரின் சிரிப்பு நின்றது. மீசை இறங்கியது. கையிலிருந்த பெட்டி தானாகக் கீழே விழுந்தது.

"இது... மேனேஜரா?"

"வேற யாரு மாமா?" கண்ணாடிக்காரர் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"இங்கயேதான் இருந்தாரா? இவ்வளவு நாளும்?"

"பின்ன எங்க போவாரு? கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேன்."

"தினமும் பாத்தீங்களா? உங்க கண்ணால?"

"தினமும்."

மாமனார் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். கரைக்கல்லை விரலால் மூன்று முறை தட்டினார். மேனேஜர் விருட்டென்று திரும்பி வந்து அவர் விரலுக்குக் கீழே வாயைத் திறந்து நின்றது. பசி போலிருக்கிறது, நல்ல நேரத்தில் பசித்தது என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் மீனுக்கு நன்றி சொன்னார். ஆனால் மாமனாருக்கோ நெற்றியில் வேர்த்துவிட்டது.

"அப்பா, தாமரையைப் பாத்தீங்களா?" என்று மகள் பேச்சை மாற்றினாள். மாற்றியிருக்கக் கூடாத பேச்சு அது. மாமனார் கையை நீட்டித் தாமரையை இழுத்தார். கல்லோடு வந்தது. கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமனார் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசனை" என்றார், எங்கேயோ பார்த்தபடி. மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

கண்டுபிடித்துவிட்டார் என்பதில் கண்ணாடிக்காரருக்குச் சந்தேகமே இல்லை. கல் கட்டிய பூவை முகர்ந்து வாசனை என்கிறவர், சுங்க அதிகாரியாக இருந்தவர், கண்டுபிடிக்காமல் இருப்பாரா? பொறுமையாகக் காத்திருக்கிறார். பெட்டியைத் திறக்கும் நேரம் பார்க்கிறார்.

டீ வந்தது. மாமனார் குடிக்கவில்லை. "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று தெருமுனைவரை போனார். கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாமனார் போனைக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. இன்னும் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"மச்சானுக்குத்தான் போன் பண்றாரு" என்று கண்ணாடிக்காரர் மனைவியிடம் கிசுகிசுத்தார். "மாப்பிள்ளை என்னை ஏமாத்திட்டாருன்னு சொல்லப்போறாரு."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

சாப்பாட்டின் நடுவில் மாமனார் திடீரென்று, "ஏம்மா, வயசாயிட்டா, செய்யாத ஒண்ணைச் செஞ்சதா நினைச்சுக்குவாங்களா? நீ நர்ஸ்தானே?" என்று கேட்டார்.

"சில பேருக்கு அப்படி வரும்பா. ஏம்பா?"

"ஒண்ணுமில்ல." பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு மறுபடி குளத்தடிக்குப் போனார்.

வெயில் சாய்ந்தபோதும் அங்கேயேதான் இருந்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கி, மீனின் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் போய் நின்றார். இனி மறைத்துப் பயனில்லை.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை."

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்க முதல்ல."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது..."

மாமனார் பெருமூச்சு விட்டார். "இடது கண்ணு. வெள்ளைத் திட்டு இடது கண்ணு மேல. அதேதான், சந்தேகமே இல்ல."

கண்ணாடிக்காரர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் நின்ற மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே மறைந்தாள். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது அவருக்கு. தெய்வமாகப் பார்த்து அந்தப் பல் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறது!

மாமனார் எழுந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, உங்களை நான் இத்தனை வருஷமா தப்பா எடை போட்டுட்டேன். அது மட்டுமில்ல, என் புத்தியும் தடுமாறிப்போச்சு. ஏதேதோ செஞ்சதா நினைச்சுக்கிட்டு, வாராவாரம் நீங்க பேசினதைக் கேட்டு நான்... சரி, அதை விடுங்க. ஆனா ஒண்ணு, நான் இவ்வளவு சந்தோஷமா சிரிச்சதே இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை போனுக்காகவே வாரம் பூரா காத்துக்கிட்டு இருந்தேன்."

"நானும்தான் மாமா" என்றார் கண்ணாடிக்காரர். அது ஒன்றாவது முழு உண்மை.

"இனிமே இந்தக் குளம், இந்த வீடு, ஏன், நானே உங்க பொறுப்பு. எதை வேணாலும் உங்க கையில நம்பிக் குடுக்கலாம்."

பல் ஊசி போட்டதுபோல் கண்ணாடிக்காரரின் உதடு மறுபடி தொங்கியது. கல்யாணமானதிலிருந்து காதில் விழவேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட ஒரே வாக்கியம் அது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவர், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த நீச்சல் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல ஒரு விசில் அடித்தார்.

அப்போது தோட்டத்துப் பின்கதவு கிரீச்சிட்டது. பல் டாக்டரின் வரவேற்பு மேஜைப் பெண் உள்ளே வந்தாள். கையில் மூடி போட்ட ஒரு நீல வாளி. கண்ணாடிக்காரருக்கு அந்த வாளியை எங்கேயோ பார்த்த ஞாபகம். மாமனாருக்கு அதற்கு மேலும் ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர் பிடித்திருந்த கைகளை மெதுவாக விட்டார்.

அவளோ மாமனாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டாள்.

"அட, ஊர்லேருந்து வந்துட்டீங்களா சார்! நல்லதாப் போச்சு, உங்க மீனை நீங்களே வச்சுக்குங்க. இந்த சார் அழுது கேட்டாரேன்னு ஒரு நாள் இரவல் குடுத்துட்டு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. 'எங்க மாப்பிள்ளை தங்கமானவரும்மா, ஆனா அவரு கையில குடுத்தா மீன்கூடத் தண்ணியில முழுகிச் செத்துடும்'னு சொல்லி, ஊருக்குப் போற அன்னிக்கு இதே வாளியில கொண்டாந்து எங்களை நம்பி ஒப்படைச்சிட்டுப் போனீங்களே!"